தோன்றா எழுவாய்

தேனியிலிருந்து மாற்றலாகி வந்த எனக்குச்
சின்னப்பாலத்தில் முதலில் பழகியது காற்று.
சாக்பீஸ் தூளைத் தரையில் விழவிடாது.
எழுதி முடிப்பதற்குள்
பாதி வாக்கியம் ஜன்னல் வழியே
கடலுக்குப் போய்விடும்.

ஐந்தாம் வகுப்பு, பதினேழு பேர்.
செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று
கரும்பலகையை நாலாக வகுந்திருந்தேன்.
உணர்ச்சிக்குப் புத்தகம் தந்த எடுத்துக்காட்டு
'வாட் எ பியூட்டிஃபுல் ஃபிளவர்'.
"பூவப் பாத்து யாராச்சும் கத்துவாங்களா மிஸ்?
சீலா ஏறுனாத்தான் கத்துவோம்" என்றான் டெனில்.
அழித்துவிட்டு
'வாட் எ பிக் சீலா' என்று எழுதினேன்.
பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டதும்
"நூல் அறுந்து ஈயக்குண்டு விழுது" என்றாள் ரகுமத் நிஷா.
நான் இதுவரை பார்த்திராத குறி அது.

வினாவுக்குப் பஞ்சமே இல்லை.
வேர் இஸ் யுவர் டோக்கன்,
ஹவ் மெனி பர்சன்ஸ்.
எல்லாம் ரோந்துப் படகின் மெகாபோனில் கிளம்பி
அப்பாமார் வாய்வழி வீடு சேர்ந்தவை.
வடக்கத்தி உச்சரிப்புகூட மாறவில்லை.

கட்டளைக்கு வந்தேன்.
கம் ஹியர். சிட் டவுன். ஷட் தி டோர்.
செல்வரூபி எழுந்தாள்:
"யாரு வரணும், யாரு ஒக்காரணும்?
எழுவாயக் காணோமே மிஸ்."

"உள்ளே ஒரு யூ ஒளிந்திருக்கிறது.
தமிழில் அதற்குத் தோன்றா எழுவாய் என்று பேர்.
கண்ணுக்குத் தெரியாது,
வேலை செய்வது மட்டும் அதுதான்."

எல்லோரும் குனிந்து எழுதினார்கள்.
அவள் மட்டும் பென்சில் முனையை
நாக்கில் வைத்தபடி நின்றாள்.

"தொறையில பச்சை போர்டு இருக்குல்ல,
டூ நாட் என்டர் தி ஐலண்ட்.
அது எந்த வகை மிஸ்?"
"கட்டளை."
"அதுலயும் யூ இருக்கா?"
"இருக்கு."
"அப்ப அந்த யூ எங்கம்மா."

யாரும் சிரிக்கவில்லை.
விசாரித்தேன்.
பதினேழில் ஒன்பது பேருக்கு அந்த யூ அம்மா.
இரண்டு பேருக்குச் சித்தி.

பஞ்சவர்ணத்தை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன்.
புருஷனின் முழுக்கைச் சட்டை,
விரல்விரலாகச் சுற்றிய துணி,
செருப்பின் அடியில் வெட்டிக் கட்டிய அலுமினியத் தட்டு,
இடுப்பில் பாசி அள்ளும் வலைப்பை.
போர்டைப் பற்றி மெல்லக் கேட்டேன்.
"அதப் படிக்கத் தெரியணும்னு இல்ல டீச்சர்,
படிச்சுக் காட்டவே ஆள் போட்டிருக்காங்க."

காலாண்டுத் தேர்வில் ஏழாவது கேள்வி:
ஒரு கட்டளை வாக்கியம் எழுதிச்
செய்தி வாக்கியமாக மாற்றுக.
கதவைச் சாத்தியவர்கள் பதினாறு பேர்.
செல்வரூபியின் தாளில்
போர்டு அப்படியே இருந்தது. அதன் கீழே,
மை மதர் என்டர்ஸ் தி ஐலண்ட் அட் ஃபைவ் ஓ'கிளாக்.

எழுவாய் முன்னால் வந்து நிற்கிறது.
என்டருக்கு எஸ் மறக்கவில்லை.
முற்றுப்புள்ளி அழுத்தமாக, தாள் துளைபடும்படி.
ஐலண்டில் ஒலிக்காத எஸ்ஸை மட்டும் விட்டிருந்தாள்.
அரை மதிப்பெண் குறைக்க வேண்டும்.
குறைத்தேன்.

வட்டார அலுவலகத்துக்கு
மாதிரிக்கு மூன்று விடைத்தாள் அனுப்பச் சொன்னார்கள்.
வகுப்பிலேயே நல்ல தாள் அவளுடையதுதான்.
செய்தி வாக்கியம்தான், சந்தேகமில்லை.
பேரும் வகுப்பும் ஊரும் மேலே எழுதி
நேரமும் சொல்லியிருந்தால்
அதற்கு வாக்குமூலம் என்றும் ஒரு பேர் உண்டு.
அதை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு
கதவு சாத்திய மூன்றை அனுப்பினேன்.

சனிக்கிழமை விடியலில் துறைக்குப் போனேன்.
தூரத்தில் திட்டுக்கு அருகே ஏழெட்டுத் தலைகள்.
எந்தச் சட்டை பஞ்சவர்ணம் என்று தெரியவில்லை.
ஒவ்வொன்றாக முங்கின.
தண்ணீர் மேலே
எழுதாத பலகை மாதிரி மூடிக்கொண்டது.
எண்ண ஆரம்பித்தேன்.
இருபது. முப்பது.
முப்பத்தாறில் வாய்க்குள் சொன்னேன்,
எழுவாய்.

அது எந்த வகை வாக்கியம் என்று
திங்கட்கிழமை கேட்டால்
நான் சொல்வதற்கில்லை.